தாங்கும் என்றாயே

அன்புள்ள மூத்த மகளுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதும் கடிதம் இது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனசுதான் ஒருவருக்கும் நன்றாக இல்லை, அதற்குக் காரணம் நீ. உன் நலமறிய ஆவல் என்று போடட்டுமா என்று உன் தங்கை கேட்டாள். நலத்தை அப்புறம் அறிந்துகொள்ளலாம், உன் அக்கா இன்னும் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருக்கப் போகிறாள் என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும், அதைப் போடு என்றேன், போட்டுவிட்டாள். நான் என் கையால் எழுதாததற்குக் காரணம், செடி பிடுங்கிப் பிடுங்கி இரண்டு உள்ளங்கையும் கொப்புளம், பேனா பிடிக்க முடியவில்லை. போனில் சொல்லாததற்குக் காரணம், நான் குரலை உயர்த்தினால் நீ "அம்மா, ஆய்வகத்துல கூப்பிடுறாங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் அது மேஜை மேலேயே கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நடந்ததெல்லாம் மறந்துபோன மாதிரி நீ நடந்துகொள்வதால் முதலிலிருந்தே சொல்கிறேன். போன விடுமுறைக்கு வந்தபோது ஒரு சின்ன உறையில் தக்காளி விதை கொண்டுவந்தாய். உங்கள் தாவர நோய் ஆராய்ச்சி நிலையத்தில் நீயும் உன் குழுவும் வருடக்கணக்காகக் கலப்புச் செய்து தேர்ந்தெடுத்த புது ரகம், இன்னும் வெளியே விடவில்லை, நம் தோட்டத்தில் எப்படி வருகிறது என்று பார்க்கலாம் என்றாய். சமையலறை வாசலில் கையில் தம்ளரோடு நின்றுகொண்டு, "இது இலைச்சுருட்டை நோயை நல்லாத் தாங்கும்மா, பயப்படாம போடு" என்றாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் காது உன் பக்கம்தான் இருந்தது. தாங்கும் என்றுதான் சொன்னாய், வேறு ஒரு சொல் கூடச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு உன் அப்பா தெருத்தெருவாகப் போனார். முடிவெட்டும் கடையில் முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்து, "என் பொண்ணு உண்டாக்கின செடி, நோய் வாசல் வரைக்கும் வரும், விலாசம் தப்புன்னு திரும்பிப் போயிடும்" என்று சொன்னாராம். கடையே சிரித்ததாம். எனக்கும் அன்றைக்குச் சிரிப்பு வந்தது, இப்போது நினைத்தால் எரிகிறது.

செடி நன்றாகத்தான் வந்தது, அதில் பொய் சொல்ல மாட்டேன். பின்பக்கக் குடிலில், பாதி கிழிந்த வலைக்குள்ளே, இலை ஒவ்வொன்றும் விரித்த கை மாதிரி இருந்தது, கொத்துக் கொத்தாகக் காய். அதே சமயத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் உன் மாமா போட்ட தக்காளி படுத்துவிட்டது. கூடப் பிறந்தவன் ஆயிற்றே, தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நுனி இலைகள் ஓரம் மஞ்சளாகி மேல் பக்கமாகக் குவிந்தன, அப்புறம் குருத்தே முஷ்டி பிடித்த மாதிரி சுருங்கிப்போயிற்று, பூ தொட்டால் உதிர்ந்தது. அவன் செடியை ஆட்டினால் வெள்ளை ஈ மாவு தூவின மாதிரி எழும்பி எங்கள் பக்கம் வரும், எங்கள் செடியை ஆட்டினால் அவன் பக்கம் போகும். இந்த நோயைப் பரப்புவதே அந்த ஈதான், அந்தப் போக்குவரத்தை என் கண்ணாலேயே பார்த்தும் உறைக்கவில்லை. உன் அப்பா அதிலும் பெருமை தேடினார். "நம்ம செடியில உக்கார்ந்துட்டுப் போகுது பார், ஒண்ணும் பண்ண முடியலை" என்றார்.

உன் மாமாவைப் பற்றி உனக்குத் தெரியும், கணக்குப் போட்டால் விடை வந்தே ஆக வேண்டும் அவனுக்கு. "அக்கா, உன் செடிக்கும் என் செடிக்கும் நடுவுல ஒரு வேலிதான். மண்ணு ஒண்ணு, தண்ணி ஒண்ணு. உன்னுது நல்லா இருக்கு, என்னுது செத்துப்போச்சு. உன் விதை உன் பொண்ணு குடுத்தது, நான் நாத்து வாங்கினது நாத்துக்காரம்மாகிட்ட. அப்ப கோளாறு எங்க?" என்று என்னையே கேட்டான். கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்காமல் நேராக நாற்றுக்காரம்மாவிடம் போய்விட்டான். தெருமுனையில் வலை கட்டிக் குழித்தட்டுகளில் நாற்று வளர்த்து விற்கிறாரே, உனக்குப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குத் தட்டு இரவல் கொடுத்தாரே, அவர்தான். பயிர் போன இன்னும் சிலரும் மாமாவோடு சேர்ந்துகொண்டார்கள். "நாத்தா விக்கிற நீ? நோயைத் தட்டுல வெச்சு விக்கிற!" என்று மாமா கத்தியது எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அந்தம்மா அழுதுகொண்டே, "உள்ள போகும்போது துணிய உதறிட்டுத்தான் போறேன். என் தட்டுல ஒரே ஒரு ஈயைக் காட்டுங்க, பார்ப்போம்" என்றார். "ஈ என்ன உங்ககிட்ட சொல்லிட்டா வந்துட்டுப் போகும்?" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்களாம். இப்படித்தான் ஒரு மனுஷியின் பிழைப்பில் மண் விழுந்தது. அன்றிலிருந்து அவரிடம் யாரும் நாற்று வாங்குவதில்லை. இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விவசாயிகள் சங்கத்தில் கூட்டம் போட்டு, சந்தையில் அவருக்கு இருக்கும் இடத்தையும் எடுத்துவிடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இலை அனுப்பிப் பார்க்கலாம் என்று முதலில் சொன்னது உன் தங்கைதான். வெறுமனே பார்த்ததை நம்பக் கூடாது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுடைய அறிவியல் ஆசிரியை சொன்னாராம். மாமா செடியிலிருந்து ஒன்று, நாற்றுக்காரம்மா தட்டிலிருந்து ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று நம் செடியிலிருந்தும் ஒன்று, தனித்தனிக் காகிதத்தில் மடித்து மேலே பெயர் எழுதி உனக்கு அனுப்பினாள். நீயும் சோதித்தாய், போன் செய்தாய், நாங்கள் எல்லாரும் ஒலிபெருக்கியைப் போட்டுச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். "நம்மளோடதுல ஒண்ணும் இல்லல்ல அக்கா?" என்று இவள் கேட்டாள். நீ முதலில் மூன்று காகிதத்திலும் இருந்த பெயரை வரிசையாகப் படித்தாய். அப்புறம், "தட்டுல இருந்து எடுத்த இலை சுத்தமா இருக்கு. மாமாவோடதுல வைரஸ் இருக்கு. நம்மளோடதுல அதைவிட அதிகமா இருக்கு" என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செடி கொழுகொழுவென்று நிற்கிறதேடி என்றேன். "அதான்மா தாங்குறதுங்கறது. வைரஸ் உள்ள போகும், பெருகும், ஆனா செடி காட்டிக்காது. ரோட்டோரக் களையிலிருந்து ஈ கொண்டுவந்திருக்கும், நம்ம செடியில பெருகி அங்கிருந்து மாமா பக்கம் போயிருக்கும்." நாளைக்கு மழை வரலாம் என்று சொல்கிற குரலில் இதைச் சொன்னாய்.

உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். உன் தங்கைதான் விடாமல், உங்கள் நிலையத்தில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்டாள். அங்கே வலைக்கூடத்துக்கு இரட்டைக் கதவு, ஒரு ஈ வெளியே போகாது, இலை சுருள்கிறதா காய் குறைகிறதா என்றுதான் நாங்கள் பார்த்தோம், பக்கத்துச் செடிக்கு என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை என்றாய். ஏனம்மா, பக்கத்து வீடே இல்லாத இடத்தில் வைத்துச் சோதித்துவிட்டு, பக்கத்து வீட்டோடு வேலியைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிற எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாயே, கிழிந்த வலையைத் தைத்துவிட்டு நடு என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

இந்தச் சொல்லைப் பற்றித்தான் எனக்கு ஆறவே இல்லை. கூரை மழையைத் தாங்கும் என்று நாங்கள் சொன்னால் மழை உள்ளே வராது என்று அர்த்தம். அந்த அர்த்தத்தில்தான் நான் விதை போட்டேன், உன் அப்பா ஊரெல்லாம் சொன்னார். நீ சொன்ன தாங்கும் வேறு. தூண் பாரத்தைத் தாங்குகிறதே, அது. பாரம் எங்கேயும் போவதில்லை, தூணின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. உன் தங்கை அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு அர்த்தமும் சரிதான் அம்மா என்று நியாயம் பேசினாள். எதிர்ப்புத்திறன் என்றால் வைரஸைப் பெருகவிடாமல் தடுப்பது, தாங்குதிறன் என்றால் பெருகவிட்டுக்கொண்டே நோகாமல் நிற்பது, அக்கா படிப்பில் இரண்டும் தனித்தனிச் சொல் என்றாள். (அக்கா, இது நான். நான் உனக்காக நியாயம் பேசவில்லை. நீ சொன்னது தவறில்லை, ஆனால் யாரிடம் சொன்னாய் என்பதில்தான் தவறு என்று சொன்னேன். அதை அம்மா விட்டுவிட்டார்.) சரி, விட்டுவிட்டேன், இப்போது எழுதிக்கொள்ளட்டும். உன்னைத் தாங்கு தாங்கென்று தாங்கி வளர்த்தோமே, அந்தத் தாங்கலுக்கும் அகராதியில் ஒரு அர்த்தம் இருக்கிறதாம். அதைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லிவிட்டேன்.

சொல் குழப்பத்தைக்கூட மன்னிப்பேன், படித்தவர்களும் வாய் தவறுவார்கள். அதற்கு அடுத்து நீ சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. "இப்போதைக்கு யார்கிட்டயும் சொல்லாதம்மா. ரகம் வெளியிடப் போற நேரம். என் பேர் கெட்டுடும்." அப்போது நாற்றுக்காரம்மா என்ன ஆவார் என்று கேட்டேன். "எல்லாரும் இந்த ரகத்தையே போட்டுட்டா பிரச்சினையே இருக்காது" என்றாய். உன் விதையால் வந்த கஷ்டத்துக்கு உன் விதையையே வாங்கிப் போடு என்கிறாய், அப்படித்தானே? ஆராய்ச்சி செய்கிறவளா இப்படிப் பேசுகிறவள்? இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் நீ அந்த ஆளோடு சண்டைக்கே போயிருப்பாய்.

நீ சொன்னதற்காக நானும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்தக் கோபம் என் மேல் எனக்கு உள்ளது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நாம் இரண்டு பேரும் சும்மா இருந்த அந்த நாட்களில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள். உன் தங்கை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாற்றுக்காரம்மா தன் கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்தாராம். வளர்ந்து விற்பனைக்கு நின்ற நாற்று முழுவதையும், தட்டுத் தட்டாகத் தட்டிக் குழிக்குள் போட்டுக்கொண்டிருந்தாராம். யாரும் செய்யச் சொல்லவில்லை. எல்லாரும் சொல்லிச் சொல்லி அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவள் கையில் அறிவியல் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பா, நீ படிக்கிற பொண்ணு. என் கையிலேயே நோய் இருந்தா அது செடிக்கு ஒட்டிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்ததாம். (அக்கா, நான் பதில் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரிந்திருந்தது. உனக்கும் தெரிந்திருந்தது.) சுத்தமான நாற்று என்று உன் இயந்திரம் சொன்ன நாற்றுதான் அது. நீ அங்கே உன் பேரைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டிருந்தபோது அவர் அதை மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தார். இவள் வீட்டுக்கு வந்து பையைக் கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், சாப்பாட்டைத் தொடவில்லை.

மறுநாள் காலையில் நான் மாமா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவன் நம்பவில்லை. "நோய் புடிச்ச செடி இப்படியா மினுக்கிக்கிட்டு நிக்கும்? அந்தம்மா அழுதது உனக்குத் தாங்கலை, அதுக்காக உன் செடி மேலேயே பழி போடுறியே அக்கா" என்றான். கோபப்படுவான், இரண்டு வார்த்தை திட்டுவான் என்று தயாராகப் போனேன், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான். போதாததற்கு அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணி, அந்த விதையில எங்களுக்கும் கொஞ்சம் எடுத்து வைங்க" என்றாள். முடிவெட்டும் கடைக்காரர் கேட்டுவிட்டார், பால்காரர் கேட்டுவிட்டார், தக்காளிச் செடியே வைக்காத பள்ளிக்கூடக் காவலாளி கேட்டுவிட்டார், உன் அப்பா எல்லாருக்கும் சரி என்று தலையாட்டி வைத்திருக்கிறார். நல்லதுக்குச் சாட்சி சொல்ல ஊரே வருகிறது. உள்ளே கெட்டது இருக்கிறது என்றால் நம்புவதற்கு ஒரு ஆள் இல்லை.

அதனால்தான் பிடுங்கினேன். ஈ பறந்து போகாமல் இருக்க ஒவ்வொரு செடிக்கும் சாக்கைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு பிடுங்க வேண்டும் என்று உன் தங்கை படித்துச் சொன்னாள், அப்படியே செய்தேன். வேரோ லேசில் வரவில்லை, போன வருடம் நீ அனுப்பினாயே வேருக்கு நல்லது செய்யும் பாக்டீரியா பொடி, அதை இவள் ஒழுங்காகக் கலந்து வைத்திருந்தாள், வேர் கண்டபடி ஓடி மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது. நல்லது செய்கிற கிருமியும் கெட்டது செய்கிற கிருமியும் ஒரே செடிக்குள் குடியிருந்தன, செடி இரண்டையும் ஒரே முகத்தோடுதான் வைத்திருந்தது, உன்னைப் போல. உன் அப்பா குடில் வாசலில் நின்று, "காய் புடிச்சிருக்குடி, பழுக்கட்டும், அப்புறம் பிடுங்கு" என்று கத்தினார். அதுவரைக்கும் ஈ காத்துக்கொண்டிருக்குமா என்று கேட்டேன். "பொண்ணு பேரை நீயே வேரோட பிடுங்குற" என்றார். அதற்கு நான் சொன்ன பதிலை உன் தங்கை எழுத மாட்டேன் என்கிறாள், எழுத வேண்டாம். வேலிக்கு அந்தப் பக்கம் மாமா நின்று, "அக்காவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று தன் மனைவியிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

கையைக் கழுவிக்கொண்டு நேராக நாற்றுக்காரம்மா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, உங்கள் நாற்றில் ஒன்றும் இல்லை, நோய் எங்கள் செடியில்தான் வளர்ந்தது, என் மகள் சோதித்துப் பார்த்துச் சொல்லிவிட்டாள் என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னையே பார்த்தார். "எப்ப சொன்னா?" என்று ஒன்றுதான் கேட்டார். நீங்கள் குழி வெட்டுவதற்கு முன்னாலேயே என்றேன். குழி மூடிய இடத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அப்புறம், "இதை நீங்க சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க அக்கா. உங்க பொண்ணு எல்லார் முன்னாடியும் சொல்லுவாளா?" என்றார். சொல்லுவாள் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. உன் பேரில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், எந்தப் பேர் கெட்டுவிடும் என்று பயந்தாயோ அதே பேரில்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. கூட்டத்துக்கு முதல் நாளே வந்து சேர். சோதனை முடிவைக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுக் கொண்டுவா, வேறு துணிமணி பரிசுப் பொருள் எதுவும் வாங்கிவராதே, இந்த முறை யாருக்கும் அது வேண்டாம். உன் மேலதிகாரியிடம் நீயே போய், தோட்டத்தில் என்ன நடந்தது என்று சொல். நீ சொல்லாமல் வெளியிட்டு, இன்னும் நூறு வேலிகளுக்குப் பக்கத்தில் இதே கதை நடந்தால் அப்போது எந்தப் பேரைக் காப்பாற்றப் போகிறாய்? செடி கெட்ட செடி என்று நான் சொல்லவில்லை. மூடிய வலைக்குள் வை, ஈயை அடக்கு, பக்கத்துக்காரனுக்குச் சொல்லிவிட்டு நடு என்று சொல்லிக் கொடுத்தால் அது நல்ல செடியாகவே இருக்கலாம். அதைச் சொல்ல வேண்டியவள் நீ. கூட்டத்தில் நின்று பேசும்போது தாங்கும் என்று சொல்லாதே. சுமக்கும் என்று சொல். இந்தச் செடி நோயைச் சுமக்கும், தனக்கு வலிக்காது, அடுத்தவருக்குக் கொடுக்கும் என்று, மாமாவுக்கும் பால்காரருக்கும் புரிகிற மாதிரி சொல். அதைச் சொல்லிவிட்டு நாற்றுக்காரம்மா முகத்தைப் பார்த்து, தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்பதையும் சொல். அதை உனக்காக நான் சொல்ல மாட்டேன்.

மற்றபடி இங்கே சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, என்னோடு பேசுவதில்லை, ஆனால் கொப்புளத்துக்கு மருந்து வாங்கிவந்து அலமாரி மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உன் தங்கைக்குத் தேர்வு வருகிறது, தாவரவியல்தான் படிப்பேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், உன்னைப் பார்த்த பிறகும். நீ கண்ணைக் கெடுத்துக்கொண்டு அந்த நுண்ணோக்கியிலேயே குனிந்து கிடக்காதே, வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். கோபத்தில் எழுதினாலும் இதை எழுதாமல் கடிதத்தை மூட எனக்கு வரவில்லை.

கூட்டத்தில் முதல் வரிசையில், நாற்றுக்காரம்மாவுக்குப் பக்கத்தில், உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். நீ வந்து உட்கார்ந்தால் சரி. வராவிட்டால் அதில் வேறு யாரையும் உட்கார விடமாட்டேன். எல்லாரும் வந்த பிறகு எழுந்து அந்தக் காலி நாற்காலியைக் காட்டி, என் மகள் சோதித்துச் சொன்ன பதில் இதுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான்கு பேர் முகத்தைப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். ஞாயிற்றுக்கிழமை, காலை, சங்கக் கட்டிடம். மறந்துவிடாதே.

உன் மேல் கோபமாக இருக்கும்
உன் அம்மா

இதை உன் தங்கை உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது உன் அப்பா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். உள்ளே வந்து, பேனாவைக் கொடு என்று வாங்கி, என் பேருக்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டார். நான் போடச் சொல்லவில்லை.